வலி முழங்காலில், கோளாறு கணுக்காலிலா? – வாசகர் கேள்வி பதில்

முழங்கால் வலியைப் பற்றி நீலகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பாதத்தையோ கணுக்காலையோ பற்றிய குறிப்பும் சேர்ந்திருந்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நேரில் பரிசோதிக்காமல் எழுதப்படும் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 47. ஒரு வருடமாக வலது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தேய்மானம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். வலது காலின் உட்கணுவுக்குக் கீழே வீக்கமும் இருக்கிறது. அந்தப் பாதம் முன்பைவிடத் தட்டையாகிவிட்டது என்று மகள் சொல்கிறாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மகள் கவனித்துச் சொன்னதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான தகவல்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. கணுக்கால் மூட்டுக்குச் சற்றுக் கீழே, குதிகால் எலும்புக்கும் அதன்மேல் அமர்ந்த எலும்புக்கும் நடுவில் இன்னொரு மூட்டு உண்டு. இதன் அச்சு சாய்வாக அமைந்திருப்பதால், பாத வளைவு தாழ்ந்து குதிகால் வெளிப்புறமாகச் சாயும்போது, மேலே உள்ள கீழ்க்கால் எலும்பும் உட்புறமாகத் திரும்பிவிடுகிறது. கீழ்க்கால் திரும்பினால் முழங்கால் உள்நோக்கி இழுபடும். உட்பக்கத்து இணைப்பு நாரும் அங்கே வந்து ஒட்டும் தசைநாண்களும் ஒவ்வோர் அடிக்கும் இழுவைக்கு உள்ளாகும். எல்லோருக்கும் பாதம் தரையில் ஊன்றும்போது சிறிதளவு இப்படிச் சாய்வது இயல்பானதே. சாய்ந்த பாதம் மீண்டும் நிமிராமல் போவதுதான் தொல்லை.

பாத வளைவைத் தாங்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு உட்கணுவுக்குப் பின்புறமாக இறங்கிப் பாதத்தின் அடியில் ஒட்டும் ஒரு தசைநாணுக்கு உண்டு. அது பழுதுபட்டால் நீங்கள் எழுதியிருக்கும் அதே இடத்தில் வீக்கம் வரும். ஒரு காலின் வளைவு மட்டும் மெல்ல மெல்லத் தாழும். நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் இதை அதிகம் காண்கிறோம். உடல் எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரைத் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். மகளைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பாதம் எழும்பும்போது குதிகால் உட்புறமாகத் திரும்பும். உங்களால் எழும்ப முடியாவிட்டாலோ, எழும்பியும் குதிகால் வெளிப்புறமே சாய்ந்திருந்தாலோ, அந்தத் தசைநாண் பலவீனமாகிவிட்டது என்று கொள்ளலாம். பின்னாலிருந்து பார்க்கையில் இடது பாதத்தைவிட வலது பாதத்தில் அதிக விரல்கள் வெளிப்பக்கம் தெரிந்தால் அதுவும் இதே செய்திதான்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். சரிவுக்குக் குறுக்கே நின்று பறிக்கும்போது இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி ஊன்றுவதில்லை. மேட்டுப் பக்கம் இருக்கும் பாதத்துக்கு வெளிவிளிம்பு உயர்ந்தும் உள்விளிம்பு தாழ்ந்தும் இருக்கும் என்பதால் அதன் வளைவு அமுங்கும். அந்தப் பக்கத்து முழங்காலும் மடங்கியே நிற்கும். பள்ளத்துப் பக்கப் பாதமோ வெளிப்புறமாகச் சாயும். நீங்கள் பழக்கத்தின் காரணமாக எப்போதும் வலது பக்கம் மேடாக இருக்கும்படியே வரிசையில் நகர்கிறீர்களா என்று கவனியுங்கள். அப்படியானால் மேஸ்திரியிடம் சொல்லி, ஒரு வரிசையை எதிர்த் திசையிலும் பறிக்க வழிசெய்துகொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத இந்த மாற்றத்துக்கு எந்த மாத்திரையும் ஈடாகாது என்பது என் எண்ணம். முதுகில் சுமக்கும் கொழுந்துப் பை நிறையும்வரை காத்திராமல், எடை போடும் இடத்துக்கு முன்னதாகவே கொண்டுபோய்க் கொட்டுவதும் நல்லது.

மருத்துவரிடம் போகும்போது முழங்காலோடு சேர்த்துக் கணுக்காலையும் காட்டுங்கள். தொடக்க நிலையில் இருந்தால், வளைவைத் தாங்கும் இன்சோல், சில வாரங்களுக்குக் கணுக்கால் பட்டை, பிறகு தசைநாணை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவற்றாலேயே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வீக்கம் தணிந்தபின் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை, நாற்காலியில் உட்கார்ந்த நிலையில், வலது பக்கம் இருக்கும் மேசைக் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, பாதத்தை மட்டும் உட்புறமாக மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் தட்டையான பாதம் விறைத்துப்போகும். அதன்பிறகு இன்சோலால் பயன் குறைவு, அறுவை சிகிச்சை வரை போக நேரிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரில் முதியவர்களிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மிகத் தட்டையான பாதம் உடையவர்களிடம் முழங்கால் வலியும் உட்பக்கக் குருத்தெலும்புச் சிதைவும் மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டன. ஆனால் அந்தக் கூடுதல் மிதமானதே. அத்துடன், ஒரே சமயத்தில் இரண்டையும் பார்த்த ஆய்வு என்பதால் எது முதலில் வந்தது என்று அது காட்டவில்லை. தட்டைப் பாதத்தோடு பிறந்து, எண்பது வயதிலும் முழங்கால் நோகாமல் மலையேறுபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் என்னை யோசிக்க வைத்தது, ஒரே காலில், புதிதாக, வீக்கத்தோடு வளைவு தாழ்ந்திருப்பதுதான்.

கேள்வி: வயது 38. உதகையில் கடிதம் விநியோகிக்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் மழையில் வழுக்கி இடது கணுக்கால் பிசகியது. எண்ணெய்க் கட்டுப் போட்டு மூன்று வாரத்தில் நடந்துவிட்டேன். இப்போது கணுக்காலில் வலி இல்லை. ஆனால் இடது முழங்காலின் முன்பக்கம், அதுவும் படி இறங்கும்போது மட்டும், வலிக்கிறது. ஏறும்போது அவ்வளவு இல்லை. குந்தி உட்கார்ந்தால் இடது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. முழங்கால் ஸ்கேனில் எதுவும் இல்லை என்கிறார்கள்.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: குதிகால் எழும்புகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி நோயறிதல் அந்த வரியிலேயே முடிந்துவிட்டது.

சுளுக்கு ஆறுவது வேறு, கணுக்கால் பழைய நிலைக்குத் திரும்புவது வேறு. பிசகிய கணுக்காலை வாரக்கணக்கில் அசைக்காமல் கட்டிவைத்தால் வலி போய்விடும். ஆனால் பாதத்தை முன்பக்கமாக மேல்நோக்கி மடக்கும் அசைவு குறைந்துவிடும், கெண்டைத் தசையும் குறுகிவிடும். சமதளத்தில் நடக்க இந்த அசைவு சிறிதளவு போதும் என்பதால் குறை தெரிவதில்லை. படி இறங்கும்போது நிலைமை மாறுகிறது. ஒரு கால் கீழ்ப்படியைத் தேடி இறங்க, மேற்படியில் ஊன்றிய கால்தான் உடல் முழுவதையும் மெல்ல இறக்கிவிட வேண்டும். அப்போது கீழ்க்கால் பாதத்தின் மேல் நன்றாக முன்னோக்கிச் சாய வேண்டும். கணுக்கால் சாய மறுத்தால், குதிகால் சீக்கிரமே எழும்பும், அல்லது பாதம் உட்புறம் சரிந்து முழங்கால் உள்நோக்கி மடங்கும். இரண்டிலும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் உள்ள அழுத்தம் கூடும் அல்லது இடம் மாறும். முன்பக்க வலிக்கு அதுவே காரணம்.

இறங்கும்போது மட்டும் வலிப்பது ஏன் என்பதற்கும் அளவீடு இருக்கிறது. செயற்கை முழங்கால் மூட்டுக்குள் உணர்கருவி பொருத்தி அளந்த பெர்லின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கணக்கின்படி, சமதளத்தில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு படியிலும் 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமை. உதகையில் கடிதம் கொடுக்கும் ஒருவர், சாலையிலிருந்து வீட்டுக்குப் பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏறி, அடுத்த பள்ளத்தில் இறங்கியாக வேண்டும். சமவெளியில் சைக்கிளில் போகும் உங்கள் துறை நண்பருக்கு இதே கணுக்கால் இருந்தால், முழங்கால் வலி வராமலே கூட இருந்திருக்கலாம்.

அளந்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரையில் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போய், கடைசியாகத் தொட்ட இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். பலருக்கு 10 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். இடது கால் 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைவாக இருந்தால் கணுக்கால் விறைத்திருக்கிறது என்று பொருள்.

இதே நிலையைப் பயிற்சியாகவும் செய்யலாம். முழங்காலைச் சுவர்ப் பக்கம் மெதுவாகத் தள்ளி, கெண்டைக்காலில் இழுவை தெரியும் இடத்தில் அரை நிமிடம் நிறுத்தி, மூன்று நான்கு முறை செய்யுங்கள். பிறகு பின்காலை நீட்டி, முழங்காலை மடக்காமலும் அதேபோல் இழுவை கொடுங்கள். ஏனெனில் கெண்டையில் உள்ள இரண்டு தசைகளில் ஒன்று முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது; முழங்கால் நேராக இருந்தால்தான் அதற்கு இழுவை போய்ச் சேரும். இழுவை பின்பக்கத்தில் தெரியாமல் கணுக்காலின் முன்பக்கத்தில் எலும்பு முட்டுவது போல் உறுத்தினால், பயிற்சியை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். அங்கே எலும்பு வளர்ந்திருக்கலாம், அதை இழுத்துச் சரிசெய்ய முடியாது. பல் துலக்கும்போது சுவருக்கு அருகில் இடது காலில் மட்டும் நின்று பழகுங்கள். சுளுக்கில் அறுந்த நார் ஆறினாலும், பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று உணர்ந்து உடனே சமாளிக்கும் திறன் தானாகத் திரும்புவதில்லை. அதே கால் மறுபடி மறுபடி பிசகுவது அதனால்தான்.

கணுக்காலைச் சரிசெய்யும் ஆர்வத்தில் தொடையை மறந்துவிட வேண்டாம். முன்பக்க முழங்கால் வலிக்கு, தொடைத் தசைகளையும் இடுப்பைச் சுற்றிய தசைகளையும் சேர்த்து வலுப்படுத்துவதே இன்றுவரை அதிகம் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. அசைவு திரும்பும் வரையிலான சில மாதங்களுக்குச் செருப்பின் குதிகால் பகுதியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்திக்கொள்ளலாம், குந்துவதைக் குறைக்கலாம், செங்குத்தான இறக்கத்தில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன அடி வைத்து இறங்கலாம். கைத்தடி வைத்துக்கொள்ள இந்த வயதில் வெட்கமாக இருக்கும். தொட்டபெட்டா பக்கம் மலையேற வருகிற இளைஞர்கள் இரண்டு கைகளிலும் தடியோடு நடப்பதைப் பார்த்திருப்பீர்களே!

புதிதாகக் கால் பிசகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-இல் வகுக்கப்பட்ட விதி எளிமையானது: கணு எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் எலும்பே வலித்தாலும், பிசகியவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. எலும்பு முறியவில்லை என்று தெரிந்தபின், கட்டு எதுவாக இருந்தாலும், சில நாட்களிலேயே பாதத்தை அசைக்கத் தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி: இடது குதிகாலில் காலையில் முதல் அடி வைக்கவே முடியாத வலி. இப்போது வலது முழங்காலும் வலிக்கிறது. இது வாதம் பரவுவதன் அறிகுறியா? வயது 52, பள்ளி ஆசிரியை.
– வாசகி, குன்னூர்

பதில்: பெரும்பாலும் அப்படி இருக்காது. தூங்கி எழுந்தவுடன் வைக்கும் முதல் சில அடிகளில் கடுமையாகவும், நடக்க நடக்கக் குறைந்தும், நெடுநேரம் நின்றபின் மீண்டும் வருவதாகவும் உள்ள குதிகால் வலி, பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை செல்லும் தடித்த சவ்வின் பாதிப்பு. நோகும் குதிகாலைக் காப்பாற்ற இடது காலில் ஊன்றும் நேரத்தை நீங்கள் அறியாமலே குறைத்துக்கொள்கிறீர்கள். அந்தச் சுமையை வலது முழங்கால் ஏற்கிறது. நொண்டி நடக்கும் எவருக்கும் சில மாதங்களில் மறுகால் நோவது வழக்கமானது. எனவே வலது முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதைவிட இடது குதிகாலைக் கவனிப்பதே சுருக்கு வழி.

படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, பாதத்தின் விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி மடக்கி, உள்ளங்காலை இழுவையில் பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பத்து முறை செய்யுங்கள். குன்னூரின் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்காமல், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற குதிகால் உள்ள செருப்பு அணியுங்கள். வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி கேளுங்கள். பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் இது தணிந்துவிடும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் போல் நீண்டிருப்பது தெரிந்தால் அஞ்ச வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

நீங்கள் அஞ்சுகிற வாதத்துக்கு வேறு அடையாளங்கள் உள்ளன: காலையில் மூட்டுகள் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது, கை விரல் மூட்டுகள் வீங்குவது, இளைஞர்களுக்கு இரண்டு குதிகாலும் நோவதோடு விடியற்காலையில் கீழ் முதுகு வலித்து எழுப்பிவிடுவது. இவை இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை.

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்கால்களும் வில்போல் வெளியே வளைந்துவிட்டன. மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். செருப்புக்குள் வெளிப்பக்கம் உயர்ந்த இன்சோல் வைத்தால் கால் நேராகிவிடும், அறுவை வேண்டாம் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?
– வாசகர், கேத்தி

பதில்: அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். எண்ணம் தர்க்கரீதியாக நன்றாகத்தான் இருந்தது: குதிகாலின் வெளிவிளிம்பை உயர்த்தினால், மூட்டின் உட்பக்கத்துச் சுமை சற்று வெளிப்பக்கம் நகரும். ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது சுமை சிறிதளவு குறையவும் செய்தது. ஆனால் பல சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மதிப்பாய்வில், சாய்வே இல்லாத சாதாரண இன்சோலோடு ஒப்பிட்டபோது, வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வளைந்துவிட்ட எலும்பை நேராக்க எந்தச் செருப்பாலும் முடியாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கீழிருந்து மேலே போகும் பாதிப்பைப் பற்றியே இதுவரை எழுதினேன். உங்கள் அம்மா போன்றவர்களுக்கு அது மேலிருந்து கீழேயும் வரும். முழங்கால் வெளிப்புறம் வளைய வளைய, பாதம் தரையில் தட்டையாகப் படிவதற்காகக் குதிகால் எதிர்ப்புறம் சாய்ந்து ஈடுகட்டும். பல வருடங்களில் அந்தக் கோணல் விறைத்துப்போயிருந்தால், முழங்காலை மட்டும் நேராக்கியபின் பாதம் கோணலாகவே ஊன்றும். புதிய மூட்டு நன்றாக இருந்தும் கணுக்கால் வலி தொடங்கலாம். ஆகவே அறுவைக்கு முன், அம்மாவை நிற்க வைத்துப் பின்னாலிருந்து குதிகால்களைப் பார்த்தீர்களா என்று அறுவை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எடை அதிகமானால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமையைக் குறைக்கிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கைத்தடியை அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடித்து நடப்பதாகத் தோன்றுகிறது.

கேள்வி: பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். முழங்கால் வலிக்காக மாத்திரை சாப்பிடுகிறேன். பத்து நாளாக வலது பாதமும் கணுக்காலும் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கின்றன. வலி அவ்வளவாக இல்லை என்பதால் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். முழங்காலின் நீர்தான் கீழே இறங்கியிருக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், பந்தலூர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திராமல் உடனே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

நெடுநாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு நரம்புகள் மரத்துப்போகும். மரத்துப்போன பாதத்தில் சிறு எலும்புகள் நொறுங்கினாலும் வலி தெரியாது. தெரியாததால் அதன்மேலேயே நடப்போம். நடக்க நடக்க எலும்புகள் இன்னும் சிதைந்து வளைவு தலைகீழாகப் புடைத்துவிடும். சிவப்பு, வீக்கம், சூடு ஆகிய மூன்றும் ஒரு பாதத்தில் மட்டும் சேர்ந்து வந்து, வலி மட்டும் குறைவாக இருப்பது இதன் அடையாளம். சீழ்த் தொற்றும், காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதும் இதேபோல் தோன்றக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவமனையில் காட்ட வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. முதல் சில நாட்களில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். அதை நம்பி நடக்கத் தொடங்குவது ஆபத்து. முழங்கால் நீர் கீழே இறங்குவது பற்றிச் சொன்னவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. முழங்காலின் பின்பக்க நீர்ப்பை உடைந்து கெண்டையும் கணுக்காலும் வீங்குவது உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதித்த மருத்துவர்.

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை. உறைபனி கொட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடுப்பு நெருப்பருகே கால் நீட்டிக் குளிர் காய்வதும், வெந்நீரில் பாதத்தை வைப்பதும் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. உணர்வு மங்கிய பாதம் வெந்துபோவதுகூடத் தெரியாது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். அதைவிட, தடித்த பருத்திக் காலுறையே நல்லது. இத்தகைய பாதங்களுக்கு எம்.சி.ஆர். என்று கேட்டு வாங்கும் மெத்தென்ற ரப்பர் அடித்தளச் செருப்பு ஏற்றது.

கேள்வி: ஐந்து வயது மகனுக்குத் தட்டைப் பாதம், முட்டிக்கு முட்டி இடிக்கிறது. இப்போதே சிறப்பு பூட்ஸ் போடாவிட்டால் பிற்காலத்தில் முழங்கால் கெட்டுவிடும் என்கிறார்களே?
– வாசகி, கூடலூர்

பதில்: ஓடி ஆடும், வலியென்று சொல்லாத குழந்தைக்கு பூட்ஸ் தேவையில்லை. கால் விரல்களில் எம்பி நிற்கச் சொல்லுங்கள். அப்போது பாத வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான, இயல்பான பாதம். வளைவு உருவாகப் பத்து வயதுவரைகூட ஆகலாம். மூன்று, நான்கு வயதில் முட்டிகள் நெருங்கியிருப்பதும் இயல்பு; ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தானாக நேராகும். எம்பி நிற்கும்போதும் பாதம் தட்டையாக விறைத்திருந்தாலோ, ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, கோணல் கூடிக்கொண்டே போனாலோ காட்டுங்கள். இதைவிட முக்கியமானது: பிள்ளைகள் முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினால், இடுப்பு மூட்டையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். இடுப்பு மூட்டின் கோளாறு பிள்ளைகளுக்கு முழங்கால் வலியாகவே வெளிப்படுவது அடிக்கடி நிகழ்கிறது, அதைத் தவறவிட்டால் இழப்பு பெரிது.

கேள்வி: கேரட், பீட்ரூட் தோட்டத்தில் நாள் முழுக்க கம்பூட்ஸ் போட்டு வேலை செய்கிறேன். மாலையில் முழங்கால் கனத்துப்போகிறது. செருப்புக்கு மாறலாமா?
– வாசகர், எமரால்டு

பதில்: ஈரமண்ணிலும் அட்டையிலும் மருந்துத் தெளிப்பிலும் காலைக் காப்பது கம்பூட்ஸ்தான், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அதன் குறை, குதிகாலைப் பிடித்து நிறுத்தாமல் தளர்ந்திருப்பது. தளர்ந்த பூட்ஸ் கழன்றுவிடாமலிருக்க விரல்களை மடக்கி மடக்கி நடக்கிறோம். மேட்டுப்பாத்தியிலிருந்து இறங்கும்போது பாதம் முன்னே வழுக்கி விரல் நகம் கறுத்துப்போகிறது. சேறு ஒட்டிய கனத்தை ஒவ்வோர் அடிக்கும் தூக்குகிறோம். தடித்த காலுறையும், வளைவைத் தாங்கும் இன்சோலும் உள்ளே வைத்துக் குதிகால் அசையாத அளவுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். இன்சோலை இரவில் வெளியே எடுத்து உலர்த்துங்கள். அளவு பார்த்து வாங்குவது மாலையில் இருக்கட்டும், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. வீட்டுக்கு வந்ததும் தேய்ந்த ரப்பர் செருப்புக்கு மாறுவதைத் தவிர்த்து, குதிகாலைப் பின்பக்கம் பட்டையால் பிடிக்கும் செருப்பாக அணியுங்கள்.

இரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், வெளியே வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். மருத்துவரிடம் போகும்போது புதிய காலணியை அணிந்து போகாதீர்கள். தினமும் போடும் பழைய பூட்ஸையும் செருப்பையும் ஒரு பையில் எடுத்துச் சென்று, அடிப்பாகம் எந்த விளிம்பில் தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள்.